போட் மெயிலும் மெய்நிகர் வலையும்

வழி என்பது மண்ணில் மட்டும் இருப்பதன்று. மனிதரிடையே ஏற்படும் உடன்பாட்டிலும் அது இருக்கின்றது. இருப்புப்பாதையும் கப்பலும் கம்பியும் கண்ணுக்குப் புலப்படும் பொருள்கள். யார் எங்கிருந்து எங்கே செல்லலாம், எந்தப் பெயரால் அறியப்படலாம், எந்த வாயிலில் நின்று விடைகூற வேண்டும் என்னும் விதிகளோ கண்ணுக்குப் புலப்படாதவை. ஆயினும் வெறும் பொருள்களை வழியாக ஆக்குபவை அவ்விதிகளே. இவ்வுண்மையை இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையின் வரலாறு நமக்குத் தெளிவாக உணர்த்துகின்றது.

இன்றைய கணிப்பொறித் துறையில் ‘மேகக் கணிமை’ என்னும் சொற்றொடர் பெரிதும் வழங்குகின்றது. மேகம் என்றவுடன் வானத்தை நோக்க வேண்டுவதில்லை. எங்கோ ஓர் ஊரில், பெருங்கட்டடம் ஒன்றில், ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் உழைப்பை வாடகைக்குப் பெற்று நாம் பயன்படுத்துகின்றோம். ஒரே கணிப்பொறியைப் பல கணிப்பொறிகள்போலப் பகுத்து வழங்கும் முறையும் அங்கே கையாளப்படுகின்றது. அவ்வாறு பகுக்கப்பட்ட ஒவ்வொன்றும் மெய்நிகர் கணிப்பொறி எனப்படும். அவற்றை ஒன்றோடொன்று இணைப்பது மெய்நிகர் வலையமைப்பு. அவ்வலை எவ்வாறு அமைய வேண்டும் என்பதை வரிவரியாக எழுதிவைக்கும் ஏட்டினைப் பொறியாளர் ‘புரொஃபைல்’ என்பர். நாம் அதனை அமைவுக் குறிப்பு என்று கூறுவோம்.

இச்செய்தி மிகப் புதியதுபோலத் தோன்றும். ஆனால் இதன் அடிப்படைக் கருத்துகள் யாவும், நூறாண்டுகளுக்கு முன்னரே நம் தென்கோடிக் கடற்கரையில் வேறு உருவில் நடமாடின. அவற்றை நினைவுகூர்ந்தால் புதியதும் எளிதாக விளங்கும். புதியதைக் கையாள்வோர் ஏற்க வேண்டிய பொறுப்பும் விளங்கும்.

1914ஆம் ஆண்டுக்கு முன்னர், சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் இரயிலில் தூத்துக்குடியை அடைந்து, அங்கிருந்து கப்பலேறுவது வழக்கம். அக்கடற்பயணம் நீண்டது. ஆனால் இராமேசுவரத் தீவின் கீழ்க்கோடியில் உள்ள தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையிலான கடல் ஏறத்தாழ 22 மைல் மட்டுமே. இக்குறுகிய கடலைப் பயன்படுத்த வேண்டுமானால், மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள நீர்ப்பரப்பை முதலில் கடக்க வேண்டும். அதற்காகவே தென்னிந்திய ரயில்வேயினர் பாம்பன் பாலத்தைக் கட்டினர். ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலம் 1914 பிப்ரவரி 24இல் திறக்கப்பெற்றது. அதன் நடுவே கப்பல்களுக்கு வழிவிடத் தூக்கித் திறக்கும் பகுதி ஒன்றும் அமைக்கப்பட்டது. ஒரே இடத்தில் இரயில் ஒரு வேளையும் கப்பல் ஒரு வேளையும் செல்லும். ஒன்றுக்கொன்று இடையூறு நேராது. ஒரு பொருளைப் பலர் பகிர்ந்து கொண்டாலும், தத்தமக்கே உரியதுபோலப் பயன்படுத்த இயலும் என்பதற்கு அப்பாலமே முதற்சான்று.

பாலம் திறந்த அதே ஆண்டில் போட் மெயில் என மக்கள் வழங்கிய இந்தோ–சிலோன் விரைவுவண்டியின் பயணமும் இவ்வழியில் தொடங்கிற்று. எழும்பூரில் வண்டியேறியவர் தனுஷ்கோடித் துறைமேடையில் இறங்கி நீராவிக் கப்பலில் ஏறுவார். தலைமன்னாரில் இறங்கி இலங்கை ரயில்வேயின் வண்டியில் ஏறிக் கொழும்பை அடைவார். பின்னாளில் ‘இர்வின்’, ‘கோஷன்’ என்னும் கப்பல்கள் இத்துறையில் பெயர்பெற்று விளங்கின. வாகனங்கள் மூன்று, அவற்றை நடத்திய நிருவாகங்கள் வேறு, அரசுகளும் வேறு. ஆனால் பயணியின் கையிலிருந்த சீட்டு ஒன்றே! சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே தொடர்ந்த வழி இருப்பதாக அச்சீட்டு கூறிற்று. அவ்வழி நிலப்படத்தில் எங்கும் ஒரே கோடாக இருந்ததில்லை. இரயிலும் கப்பலும் மீண்டும் இரயிலும் ஆகிய துண்டுகளின்மேல், விதிகளால் விரிக்கப்பட்ட வழி அது. இன்றைய மொழியில் கூறினால், அது ஒரு மெய்நிகர் வழி.

அவ்வண்டிக்கு மெயில் என்னும் பெயர் அஞ்சலால் வந்தது. அஞ்சற்பையின் பயணத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கடிதங்கள் பைக்குள் இடப்படுகின்றன, பை முத்திரையிடப்படுகின்றது, பையின்மேல் சேருமிடம் குறிக்கப்படுகின்றது. வழியில் அப்பையைத் தூக்குவோர் உள்ளிருக்கும் கடிதங்களின் முகவரிகளை அறிய வேண்டுவதில்லை. பையின்மேல் உள்ள ஊர்ப்பெயர் தெரிந்தால் போதும். சேருமிடத்தில் முத்திரை உடைக்கப்பட்ட பின்னரே உள்முகவரிகள் வேலை செய்யத் தொடங்கும்.

மேகக் கணிமையின் மெய்நிகர் வலையும் இம்முறையையே பின்பற்றுகின்றது. கணிப்பொறிகள் பேசிக்கொள்ளும் செய்தி, பொதிகளாகப் பிரிக்கப்பட்டு அனுப்பப்படுகின்றது. 1969ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று, அமெரிக்காவில் கலிபோர்னியாவின் இரு ஆய்வு நிலையங்களுக்கிடையே ‘ஆர்ப்பாநெட்’ என்னும் வலையின் முதற்செய்தி சென்ற நாள் முதலாக இம்முறை வளர்ந்து வந்துள்ளது. மெய்நிகர் வலையில் ஒரு சிறப்பு உண்டு. வாடகைக்காரர் ஒருவரின் பொதி மற்றொரு பொதிக்குள் வைத்து மூடப்படுகின்றது. மேலுறையில் கட்டடத்தின் உண்மைக் கணிப்பொறியினது முகவரி இருக்கும். உள்ளுறையில் வாடகைக்காரர் தாமே வகுத்துக்கொண்ட முகவரி இருக்கும். எந்த வாடகைக்காரருக்கு உரிய பொதி என்பதற்கு ஓர் எண்ணும் இடப்படும். பழைய முறையில் அவ்வாறு 4,094 வலைகளையே வேறுபடுத்த இயன்றது. 2014இல் வெளியிடப்பட்ட ‘விஎக்ஸ்லான்’ என்னும் முறையில் ஒரு கோடியே 60 இலட்சத்துக்கு மேற்பட்ட வலைகளை வேறுபடுத்தலாம். ஒரே கம்பியில் இத்தனை வலைகள் ஓடினும் ஒருவருடைய செய்தி மற்றொருவருக்குச் சேராது. முத்திரையிட்ட அஞ்சற்பையின் ஒழுங்கே இங்கும் ஆட்சி செய்கின்றது.

இனி அமைவுக் குறிப்பினுள் என்ன எழுதப்படுகின்றது என்பதைக் காண்போம். ஒரு பல்கலைக்கழகம் தேர்வு முடிவுகளை வெளியிடுகின்றது எனக் கொள்வோம். அதற்கு மூவகைக் கணிப்பொறிகள் தேவை. மாணவர் வந்து வினவும் முன்வாயிற் கணிப்பொறிகள் ஒருவகை. வினாவை ஆராய்ந்து விடை தேடுவன இரண்டாம் வகை. மதிப்பெண்களைப் பாதுகாப்பன மூன்றாம் வகை. குறிப்பை எழுதுவோர் முதலில் முகவரிகளை வகுப்பர். 10 என்னும் எண்ணில் தொடங்கும் முகவரிகள் உள்வலைகளுக்கென ஒதுக்கப்பட்டவை. எனவே முன்வாயிலுக்கு 10.1.1, ஆராய்வனவற்றுக்கு 10.1.2, மதிப்பெண் களஞ்சியத்துக்கு 10.1.3 எனத் தொடங்கும் எண்களை ஒதுக்கலாம். அடுத்து வழிகளை வகுப்பர்: எந்தக் கிளையிலிருந்து எந்தக் கிளைக்கு எவ்வழியாகச் செல்வது? இறுதியாகக் காவலை வகுப்பர்: வெளியுலகம் முன்வாயிலோடு மட்டும் பேசலாம், முன்வாயில் ஆராய்வனவற்றோடு பேசலாம், ஆராய்வன மட்டுமே களஞ்சியத்தைத் தொடலாம். அனுமதி என்று எழுதப்படாத யாவும் மறுக்கப்படும்.

இவ்வளவும் ஏட்டில் எழுதப்பட்டுவிட்டால், கட்டளை ஒன்றினாலே சில நிமிடங்களில் அவ்வலை முழுவதும் எழுந்து நிற்கும். சோதனைக்கு ஒரு குறிப்பும் மெய்யான பயன்பாட்டுக்கு ஒரு குறிப்புமாக வைத்துக்கொள்ளலாம். வேறோர் ஊரில் அதே வலையை மீண்டும் எழுப்பலாம். இரயில்வேயின் கால அட்டவணையும் இயக்க விதிநூலும் எவ்வாறு நூற்றுக்கணக்கான ஊழியரை ஒரே ஒழுங்கில் இயங்கச் செய்தனவோ, அவ்வாறே இக்குறிப்பும் கணிப்பொறிகளை இயங்கச் செய்கின்றது.

எனினும், தொடக்கத்திலேயே ஆராயாது வகுத்த எண், பின்னர்ப் பெருந்தடையாக மாறுவதுண்டு. இதற்கும் நம் கடற்கரையிலே சான்று இருக்கின்றது. தனுஷ்கோடி வரை சென்ற இருப்புப்பாதை மீட்டர் அகலம் உடையது. தலைமன்னாரில் தொடங்கிய பாதையோ ஐந்தரை அடி அகலம் உடையது. கடல் குறுக்கிடாது இருந்திருப்பினும், ஒரு கரையின் வண்டி மறுகரையின் பாதையில் ஓடியிராது. இரு நாட்டு ரயில்வேக்களும் தத்தம் தேவையையே எண்ணி அகலத்தைத் தேர்ந்துகொண்டமையே இதற்குக் காரணம். பாம்பன் வழியிலிருந்த மீட்டர் பாதை 2007ஆம் ஆண்டிலேதான் அகலப்பாதையாக மாற்றப்பட்டது.

மெய்நிகர் வலையிலும் இதே இடர் நேர்கின்றது. இரு கல்லூரிகள் தனித்தனியே வலை அமைத்து, இரண்டுமே 10.1 எனத் தொடங்கும் எண்களைத் தேர்ந்துகொண்டன எனில், பின்னாளில் அவ்வலைகளை நேராக இணைக்க இயலாது. ஒரே கதவெண் இரு வீடுகளுக்கு இருக்குமாயின் அஞ்சற்காரர் எங்கே செல்வார்? அப்போது இடையே ஒரு முகவரி மாற்றும் நிலையத்தை வைக்க வேண்டும்; அல்லது ஒரு வலையை முற்றிலும் பெயர்த்து அமைக்க வேண்டும். ஆதலின் குறிப்பை எழுதுவோர், இன்று உள்ள பொறிகளை மட்டுமன்றி, நாளை எவரோடு இணைய நேரும் என்பதையும் எண்ணியே எழுதவேண்டும்.

இதுகாறும் கூறியவை பொறியியல் பற்றியன. இனிக் கூறப்போவது மனிதரைப் பற்றியது.

வலைக்கு வாயிலும் காவலும் உண்டு என்று கண்டோம். இலங்கைக்குச் சென்ற வழியின் வாயில் மண்டபத்தில் இருந்தது. இலங்கையின் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் பல்லாயிரக்கணக்கில் சென்றனர். அவர்களைச் சோதித்துத் தங்கவைக்க, இலங்கை அரசு இந்திய மண்ணிலேயே, மண்டபத்தில், ஒரு முகாமை நடத்திற்று. நோய்த் தடுப்புக்காக அவர்கள் அங்கே சில நாட்கள் நிறுத்திவைக்கப்பட்டனர்; அம்மை குத்தப்பெற்றனர்; பதிவுசெய்யப்பெற்ற பின்னரே கப்பலேற்றப்பட்டனர். கடலைக் கடப்பதற்கு முன்னரே, இக்கரையிலேயே சோதனை செய்வது காவல்முறையில் சிறந்தது என்று பொறியாளர் கூறுவர். தீங்கை அது உண்டாகும் இடத்துக்கு அருகிலேயே தடுப்பது அறிவுடைமை என்பது மெய்யே. ஆனால் அவ்வாயிலில் நின்றவர் பொதிகள் அல்லர். குழந்தைகளைக் கையிற்பிடித்த தாய்மார்களும் ஊரைப் பிரிந்த உழவர்களும் ஆவர். ஒரே கடலைக் கடந்தவரேனும், தோட்டத் தொழிலாளிக்கு விதிக்கப்பட்ட நடைமுறையின் கடுமை, வசதி படைத்த பயணிக்கு இருந்ததில்லை. விதியை எழுதியவர் எவரோ. அதனைத் தாங்கியவர் வேறெவரோ!

விதி மாறினால் அதே வழி வேறொன்றாகிவிடும் என்பதையும் வரலாறு காட்டுகின்றது. 1948இல் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விளைவாக, மலைநாட்டுத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அவர்கள் இருந்த இடம் மாறவில்லை; செய்த வேலை மாறவில்லை; ஏட்டில் அவர்களுக்குரிய முகவரி மட்டும் அழிந்தது. 1964 அக்டோபர் 30இல், சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் வகுக்கப்பட்டது. முன்னோர் சென்ற அதே கடல்வழியில், அவர்தம் வழித்தோன்றல்கள், தாம் கண்டறியாத தாயகத்தை நோக்கித் திரும்பினர். 1980களில் இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, அதே மண்டபம் முகாம் அகதிகளின் உறைவிடமாயிற்று.

மெய்நிகர் வலையில் ஒரு பொதி முகவரி பொருந்தாது கைவிடப்பட்டால், அதனை மீண்டும் அனுப்பலாம். இழப்பு ஒரு நொடிக்கும் குறைவே. மனிதன் ஏட்டிலிருந்து விடுபட்டால் அவனை அவ்வாறு மீட்டல் இயலாது. இன்று பல அரசு அலுவல்களும் மருத்துவமனைப் பதிவுகளும் உதவித்தொகைகளும் கணிப்பொறி வலைகளின் வழியாகவே மக்களை அடைகின்றன. எவர் உள்ளே வரலாம், எவர் வரலாகாது என்னும் விதியை எழுதும் இளைஞர், தாம் எண்களை எழுதுவதாக மட்டும் எண்ணுதல் தகாது. அந்த எண்ணின் பின்னே ஒரு மனிதர் வாயிலில் நின்றுகொண்டிருக்கக்கூடும்.

மற்றொரு பாடத்தை இயற்கை கற்பித்தது. தனுஷ்கோடியில் இரயில் நிலையமும் துறைமேடையும் சுங்க அலுவலகமும் அஞ்சல் நிலையமும் ஒரே மணல்திட்டில் அடுத்தடுத்து இருந்தன. இருபுறமும் கடல், நடுவே ஒடுங்கிய நிலம். இரு நாடுகளை இணைத்த வழி முழுவதும் அந்த ஒரே முனையைச் சார்ந்திருந்தது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு பெரும்புயல் அம்முனையைத் தாக்கிற்று. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணி வண்டியைக் கடல் விழுங்கிற்று. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விடிந்தபோது ஊரும் இல்லை, துறையும் இல்லை. பாம்பன் பாலத்தின் 126 தூலங்கள் கடலில் வீழ்ந்தன. கப்பலுக்கு வழிவிடும் நடுப்பகுதி மட்டும் தப்பி நின்றது.

பாலத்தைச் செப்பனிடும் பணி ஈ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 46 நாட்களில் அதனை முடித்தார். இரயில் மீண்டும் இராமேசுவரத்துக்குச் சென்றது. ஆனால் தனுஷ்கோடி மீளவில்லை. கப்பற்போக்குவரத்து இராமேசுவரத்துக்கு மாற்றப்பட்டுச் சில காலம் நடந்து, 1980களில் போரின் காரணமாக நின்றுபோயிற்று.

மேகக் கணிமையில் வலை அமைப்போர் இந்நிகழ்ச்சியை நெஞ்சில் இருத்தவேண்டும். கணிப்பொறிகள் பலவாக இருப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. பல பொறிகளும் ஒரே கட்டடத்தில், ஒரே மின்வழியை, ஒரே வாயிலைச் சார்ந்திருக்குமாயின், அவை பலவல்ல, ஒன்றே. அதனாற்றான் பெருநிறுவனங்கள் தம் கணிப்பொறிக் கூடங்களைத் தொலைவிலுள்ள ஊர்களில் பிரித்து வைக்கின்றன. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015இல் இந்தியாவில் சென்னை, புனே, மும்பை ஆகிய மூன்று இடங்களில் தன் மேகக் கணிமை நிலையங்களைத் தொடங்கிற்று. அமேசான் நிறுவனம் 2016இல் மும்பையிலும், 2022இல் ஐதராபாத்திலும் தொடங்கிற்று. மூன்று நிலையங்கள் தொடங்கிய அதே 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்ததை நாம் அறிவோம். ஓரூரை வெள்ளம் சூழும்போது மற்றோரூர் பணியைத் தொடரவேண்டும் எனில், அதற்கான வழி வெள்ளத்துக்கு முன்னரே குறிப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இங்கு ஒன்றை மறந்துவிடலாகாது. அமைவுக் குறிப்பு வலையைத் திரும்ப எழுப்பும்; ஆனால் அழிந்துபோன செய்தியைத் திரும்பத் தாராது. தேர்வு முடிவு வலையை வேறோர் ஊரில் சில நிமிடங்களில் அமைத்துவிடலாம். மதிப்பெண்களின் படி ஒன்று அவ்வூரில் முன்னரே வைக்கப்படாவிடின், வெற்றுக் களஞ்சியத்தையே அது காட்டும். பாலத்தின் வரைபடம் இருந்தமையால் பாலம் எழுந்தது. புயலில் மறைந்த உயிர்களுக்கு அத்தகைய வரைபடம் எதுவும் இல்லை.

இன்று பழைய பாம்பன் பாலத்தில் இரயில் ஓடுவதில்லை. 2022 டிசம்பரில் அதன் பணி முடிவுற்றது. அதன் அருகே எழுந்த புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பெற்றது. இந்தியாவையும் இலங்கையையும் இணைக்கும் ஒளியிழைக் கம்பி ஒன்று 2006இல் தூத்துக்குடிக்கும் கொழும்பை அடுத்த கல்கிசைக்கும் இடையே கடலடியில் அமைக்கப்பட்டது. 1914இல் தூத்துக்குடியைவிட்டு அகன்ற கொழும்பு வழி, பொதிகளின் உருவில் மீண்டும் தூத்துக்குடிக்கே வந்து சேர்ந்தது வியப்பன்றோ?

மாணவ நேயர்களே! பாலங்கள் முதுமையடையும், கப்பல்கள் கரைசேர்ந்து நின்றுவிடும், கம்பிகளுக்குப் பதில் வேறு கம்பிகள் வரும். இவற்றின்மேல் மனிதர் வகுக்கும் விதிகளே வழியின் உயிர்நாடி. உங்களுள் பலர் நாளை வலைகளை அமைக்கும் பணியை மேற்கொள்வீர்கள். முகவரி வகுக்கும்போது பிறரோடு இணைவதை எண்ணுங்கள். வாயில் வகுக்கும்போது அங்கே நிற்கப்போகும் மனிதரை எண்ணுங்கள். வழி வகுக்கும்போது ஒரே மணல்முனையை நம்பியிருந்த தனுஷ்கோடியை எண்ணுங்கள். குறிப்பு எழுதுவதற்குச் சில நிமிடங்களே ஆகலாம். அதன் பயனையும் பிழையையும் நெடுங்காலம் தாங்குபவர் மக்களேயாவர்.